யானை முழுங்கின கேமரா

எங்கள் சகலை தெய்வசிகாமணியைப் புளுகர் என்று பெருந்துறையில் சொல்கிறார்கள். அது அவரைக் குறைத்துப் பேசுவது. புளுகுகிற ஆளுக்கு உண்மை எதுவென்று தெரியும், அதை மறைக்க மெனக்கெடுவான். சகலைக்கு அந்தச் சிரமமெல்லாம் கிடையாது. பம்ப்செட் மோட்டார் கடை வைத்திருக்கிறார். அவர் விற்ற மோட்டார் ஒன்று, கிணற்றுத் தண்ணீர் தீர்ந்த பிறகும் நிற்காமல் ஓடி, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றையும் இறைத்துவிட்டு நின்றதாம். அந்த மோட்டாரை வாங்கினவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே இதைச் சொன்னார். வாங்கினவரும் பாவம், வீட்டுக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்திருப்பார்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் கேமரா வாங்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு போனேன் என்று சொல்வதுகூடத் தப்பு. அவரே வந்து வண்டியின் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

விஷயம் இதுதான். லீவுக்கு எங்கள் வீடும் சகலை வீடும் சேர்ந்து குடகுப் பக்கம் ஆற்றில் ரப்பர் படகு விடப் போகிறோம். பாறைக்கும் சுழலுக்கும் நடுவே தூக்கித் தூக்கிப் போடுமே, அந்தப் படகு. நாங்கள் மொத்தம் ஏழு பேர். படகில் ஆறு பேர்தான் ஏறலாம். அப்படியானால் ஒருவர் கரையில் உட்கார்ந்து செருப்பு, செல்போன், துண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதே இல்லை. என் மனைவி சுகந்திதான். கொடிவேரியில் நாங்கள் எல்லாரும் தண்ணீருக்குள் கும்மாளம் போட, அவள் பாறைமேல் செருப்புகளோடு இருந்தாள். குற்றாலத்திலும் அப்படியே, ஒகேனக்கல்லிலும் அப்படியே. இத்தனை அருவி பார்த்தவள், ஒன்றிலும் தலை நனைந்ததில்லை. ஒரு போட்டோவிலும் அவள் கிடையாது, ஓரத்தில் அவள் கையிலிருக்கும் பை மட்டும் சிலதில் விழுந்திருக்கும்.

இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். "படகுல முன்னாடி நான் உக்காருவன். கேமராவத் தலையில நான் மாட்டிக்குவன். செருப்ப வேற யாராச்சும் பாத்துக்குங்க."

சுகந்தி எதையும் இரண்டாம் முறை கேட்கிறவள் இல்லை. எனக்கு மனசு சுருக்கென்றது. சரி என்றேன். ஆனால் அந்த முன் இடத்தில் சகலை எப்போதோ துண்டு போட்டு வைத்திருந்தார். காரணம், அனுபவம். போன தீபாவளி லீவுக்கு அவரும் அவர் மனைவி வளர்மதியும் கேரளாப் பக்கம் இதே மாதிரிப் படகில் போய் வந்தார்கள். அப்போதே இவர் தலையில் கேமரா இருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தலையைக் கையால் பிடிக்க முடியவில்லை.

ஈரோட்டில் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இஸ்மாயில் பாய் கடை. நான், சுகந்தி, சகலை மூவரும் அங்கே போய் இறங்கினோம். பாய் எதிர்த்துப் பேசாமலே மறுத்துப் பேசத் தெரிந்த மனிதர். மூன்று கேமராக்களை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். எது எத்தனை ஆழம் தாங்கும், எது கீழே விழுந்தால் தாங்கும், எதில் பேட்டரி நிற்கும் என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் சகலை மஞ்சப்பையிலிருந்து தன் பழைய கேமராவை எடுத்து, கண்ணாடி அதிர நடுவில் வைத்தார். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் அது பத்திரமாக இருந்தது. உறை முழுக்க ஒரே கீறல், உள்ளே இருப்பது மங்கலாகத்தான் தெரிந்தது.

"இதையே வாங்குங்க சகலை. மத்ததெல்லாம் கல்யாண ஊட்ல மொய் எழுதறதப் படம் புடிக்கத்தான் லாயக்கு."

விழுந்தால் தாங்குமா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"திம்பத்துல மேல போயிட்டு இருக்கன், பைக்ல இருந்து இது நழுவிப் போச்சுங்க. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. அத்தனையும் உருண்டு எறங்கியிருக்குது. சும்மா இல்ல, ஒவ்வொரு வளைவுலயும் எதுத்தாப்ல வர்ற லாரிக்கு ஒதுங்கி வழி உட்டுட்டு வந்திருக்குது. நான் திரும்பிக் கீழ வந்தா, செக்போஸ்ட்ல வரிசையில நிக்குது."

பாய் கேமராவைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஹாரன் அடிச்சுதுங்களா?" என்று கேட்டார்.

"அடிக்கலீங்க. அது ஒண்ணுதான் இதுல கொறை" என்றார் சகலை, கொஞ்சமும் கூசாமல்.

சுகந்தி இதற்குள் தலையில் மாட்டும் பட்டையை எடுத்து நீளம் சரி செய்துகொண்டிருந்தாள். பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்று பாயிடம் கேட்டாள். ஒன்றரை மணி நேரம் என்றார் பாய். சகலைக்குப் பொறுக்கவில்லை. அவர் கேமரா இரண்டு நாள் விடாமல் ஓடியதாம், அதுவும் யானை வயிற்றுக்குள்.

ஆசனூர்ப் பக்கம் கரும்பு லாரியை யானை மறிக்கும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சகலை அதைப் படம் பிடிக்கப் போயிருக்கிறார். யானை கரும்புக் கட்டோடு சேர்த்துக் கேமராவையும் முழுங்கிவிட்டது. இவர் என்ன செய்வார்? அந்த யானை பின்னாலேயே காட்டுக்குள் நடந்திருக்கிறார். இரண்டாம் நாள் கேமரா வரவேண்டிய வழியாக வந்ததாம். கழுவிப் பார்த்தால் அத்தனையும் பதிவாகியிருந்ததாம்.

"உள்ள இருட்டா இருந்திருக்குமே மச்சான்" என்றாள் சுகந்தி, பட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நைட் மோடுல வெச்சிருந்தன் அம்மிணி."

"பேட்டரி?"

"யானை வயித்துச் சூடு இருக்குதே, அது லேசுப்பட்டதா? அதுலயே சார்ஜ் ஏறிக்குச்சு. ஃபாரஸ்ட் டாக்டரு அந்த வீடியோவப் பாத்துட்டுத்தான் யானைக்கு அல்சர்னே கண்டுபுடிச்சாரு. மூணு மாசம் காரமில்லாத எலை குடுத்துக் காப்பாத்துனாங்க."

கடையில் மெமரி கார்டு வாங்க வந்த ஒரு ஆள் வாங்கின பிறகும் போகாமல் நின்றுகொண்டார். கேட்க ஒரு ஆள் கூடினால் சகலைக்கு இன்னொரு கியர் விழும். அந்தக் கேமராவின் லென்ஸ் எவ்வளவு அகலம் என்று விளக்கினார். ஏற்காட்டில் குடும்பப் போட்டோ எடுத்தபோது, வர முடியாது என்று பெருந்துறையிலேயே தங்கிவிட்ட அவர் பெரியப்பாவும் ஓரத்தில் விழுந்திருந்தாராம். வீட்டில் வேட்டி மாற்றிக்கொண்டிருந்தாராம். அதனால் அந்தப் போட்டோவை வெளியே காட்ட முடியவில்லை.

நான் சிரித்துவிட்டேன். சுகந்தி சிரிக்கவில்லை. இவையெல்லாம் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

அங்கேதான் வந்தது. பாய் பாவம், புது மாடலில் படம் ஆடாமல் எடுக்கிற வசதி உண்டு என்று சொன்னார். சகலை கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"ஏனுங்க பாய், அதப் பத்தி எங்கிட்டச் சொல்றீங்களா? போன தீவாளிக்குக் கேரளா ஆத்துல நடந்ததக் கேளுங்க. படகு அப்படியே பனைமர ஒசரம் தூக்குது. படகுக்காரன் அழுவறான். வளரு எங் கையப் புடிச்சுக்கிட்டு நடுங்குறா. நான் மொத ஆளா முன்னாடி உக்காந்திருக்கன். தலைக்குக் கையக் கொண்டு போயி அந்த ஆடாத பட்டனப் போட்டன் பாருங்க. படம் மட்டுமில்லீங்க, படகே ஆடறது நின்னு போச்சு. ஆறு அப்படியே வாய்க்கால் தண்ணியாட்டம் போவுது. பின்னாடி இருந்தவங்க தக்காளிச் சோத்தப் பிரிச்சுத் தின்னாங்க. அடுத்த படகுல வந்தவங்க, குலுங்கறதுக்குத்தானே காசு குடுத்தம்னு சண்டைக்கு வந்துட்டாங்க. அப்பறம் அவங்களுக்காவ ஆஃப் பண்ணுனன்."

சொல்லி முடித்து, சுகந்தி கையிலிருந்த பட்டையை மெதுவாக வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அப்புறம் ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

"அதனாலதான் சொல்றன் அம்மிணி. முன்னாடி நான் உக்காந்தாத்தான் எல்லாருக்கும் பாதுகாப்பு. நீ பொறுப்பான புள்ள, கரையில இருந்து பொருளப் பாத்துக்க. உன்னயாட்டம் செருப்பப் பாத்துக்க இந்தக் குடும்பத்துல ஆளு கெடையாது."

சுகந்தியின் முகம் வாடிப் போனது. தெருவைப் பார்த்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் சகலை, மூத்தவர், மாமனார் வீட்டில் முதல் மாப்பிள்ளை. அதற்குள் பாய் முந்திக்கொண்டார்.

"அந்த வீடியோ இதுல இருக்குங்களா சார்? பெரிய டிவி இருக்கு, போட்டுப் பாத்துரலாமே. அம்மாவுக்கும் ஒரு தைரியம் வரும்."

சகலை தடுப்பார் என்று நினைத்தேன். தாராளமாகப் போடச் சொன்னார். அந்தத் தைரியத்துக்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. கேமராவின் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை உண்டு. அதில் அவர் ஏற்கனவே பார்த்துவிட்டார். படம் ஒன்றும் விழவில்லை என்று அவருக்குத் தெரியும். அந்தக் குட்டித் திரையில் சத்தம் வராது என்பதுதான் அவர் யோசிக்காத விஷயம்.

பாய் உறையைத் திறந்து, கார்டை எடுத்து டிவியில் சொருகினார். சுவர் அகலத்துக்குத் திரை முழுக்க மஞ்சளும் சிவப்பும் கலந்து ஒரே நிறமாக நின்றது.

"சூரியன் மறையற நேரமுங்க. வேகத்துல கலரு எல்லாம் கலந்து போச்சு" என்றார் சகலை.

பாய் கேமராவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "சார், லென்ஸ் மேல சந்தனமும் குங்குமமும் இருக்குது."

சகலை கடையில் ஆயுத பூஜைக்கு எல்லா மோட்டாருக்கும் பொட்டு வைப்பார்கள். மோட்டாருக்கு எங்கே வைத்தாலும் ஓடும். கேமராவுக்கு நெற்றி எது என்று பார்த்து, நடுவில் வட்டமாக இருந்த இடத்தில் இவர் வைத்திருக்கிறார். வைத்துவிட்டு உறையை மூடியிருக்கிறார். அந்த உறை உண்மையிலேயே நல்ல உறை. ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பொட்டு வைத்தது வைத்தபடி இருந்தது.

அந்த நேரத்தில்தான் டிவியில் சத்தம் வந்தது. சட்டிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தாலும் குரல் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை.

"வளரு, கைய உட்ராத. ஐயோ, ஆடுது. என்னய எறக்கி உடச் சொல்லு. எனக்குப் புள்ளகுட்டி இருக்குது."

"ஏனுங்க, கண்ணத் தொறங்க" என்றது வளர்மதியின் குரல். "தண்ணி முட்டிக்காலுக்குத்தான் இருக்குது."

மூன்றாவதாக ஒரு குரல், படகுக்காரருடையது. "சார், கயிறு இன்னும் அவுக்கலை சார்."

பிறகு தண்ணீரில் யாரோ சளக் சளக்கென்று நடந்து போகும் சத்தம். "சரி, செருப்பப் பாத்துக்கிட்டு உக்காருங்க. நான் ஒரு நடை போயிட்டு வந்தர்றன்" என்று வளர்மதி சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு டிவியில் நெடுநேரம் மாங்காய் விற்கிறவரிடம் ஒரு ஆள் யானை முழுங்கின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார்டு வாங்க வந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். பாய் டிவியை அணைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பை வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சுகந்தி சகலையின் முன்னாலிருந்த பட்டையை எடுத்தாள். புதுக் கேமரா ஒன்றை அதில் பொருத்தித் தலையில் மாட்டிக்கொண்டு, பாயிடம் இதையே பில் போடச் சொன்னாள். பிறகு சகலையிடம் ரொம்பப் பிரியமாகவே சொன்னாள்.

"மச்சான், அனுபவம் இருக்கறவங்கதான் செருப்பப் பாத்துக்கோணும். அது உங்களுக்கு இருக்குது."

சகலை அசருகிற ஆளா? ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"செருப்புப் பாக்கறதுன்னா வெளையாட்டுன்னு நெனச்சுப் போட்டயா அம்மிணி? அன்னிக்கு நான் கரையில உக்காந்திருக்கறப்ப, ஆத்துல இருந்து ஒரு மொதல மேல ஏறி வந்துச்சு. நெலக்கதவு நீளம் வாயி. நேரா வளரு செருப்புக்கிட்ட வந்து..."

சுகந்தி அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள். நெற்றியில் கேமரா, அதன் ஓரத்தில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"மொதல்ல இருந்து சொல்லுங்க மச்சான். இதுல சத்தம் நல்லாப் பதியுதான்னு பாக்கோணும்."

சகலை அந்தச் சிவப்பு விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மொதல இல்ல, நாயி" என்றார். "அதுவும் அக்கரையிலதான் நின்னுச்சு."