சுவர் ஏறாத அஞ்சு

கோவில்பட்டிக்குத் தெற்கே கட்டையன்குளத்தில் மாவு மில் நடத்தும் அண்ணன் தம்பி மூன்று பேரைப் பற்றி ஊரில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். தொல்லையே அதுதான். ஒரு அம்மாள், "மிளகாய் அரைச்ச மில்லு, நல்லாக் கழுவிட்டு என் அரிசியைப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூவரும் ஓட்டிலிருந்து வாசல்வரை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். மோட்டாரையும் விடவில்லை. அது அன்றோடு கண்ணை மூடியது.

மூத்தவர் பேச்சிமுத்துவுக்கு நாற்பது நெருங்கியும் பெண் அமையவில்லை. கடைசியில் தரகர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண் செல்வராணி மஸ்கட்டில் நர்ஸ். அப்பா பொன்னையாவும் அங்கேதான். "ஞாயித்துக்கிழமை வீடியோவுல மாப்பிள்ளையைப் பார்ப்பாங்க. நெட்டு ஒழுங்கா இருக்கணும். இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் இந்தத் தெருப்பக்கமே வரமாட்டேன்" என்றார் தரகர்.

உடனே நெட்டுக்குச் சொன்னார்கள். வயர் இழுக்க வந்தவர் முன்னறைச் சுவரில் டப்பாவை மாட்டிவிட்டு விளக்கினார்:

"இதுல ரெண்டு பேண்டு இருக்கு. ரெண்டு புள்ளி நாலு மெதுவாப் போகும், ஆனா தூரமாப் போகும். அஞ்சு வேகமாப் போகும், ஆனா சுவரைத் தாண்டாது. எது வேணுமோ அதுல போட்டுக்கங்க. டப்பாவை மட்டும் நகர்த்தாதீங்க. பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீங்க."

பேச்சிமுத்து அதைத் தம்பிகளுக்கும் சொல்லவில்லை. போர்வைக்குள் புகுந்து அவரே எல்லா போனிலும் போட்டுக் கொடுத்தார்.

வயர்க்காரர் போனபின் மூவரும் ஆலோசனைக்கு உட்கார்ந்தார்கள்.

"புள்ளியெல்லாம் நமக்கு எதுக்கு? ரெண்டரைன்னே வச்சுக்குவோம்" என்றார் பேச்சிமுத்து.

"கல்யாண காரியத்துக்கு அரைகுறை ஆகாதுண்ணே. அஞ்சுதான் முழுசு" என்றான் கடைசித் தம்பி சண்முகக்கனி.

அப்படியே முடிவானது. மாப்பிள்ளை உட்கார அடுக்களையை ஒதுக்கினார்கள். முன்னறை முழுக்க மாவு மூட்டை. அடுக்களைக்குத்தான் புதிதாக வெள்ளையடித்திருந்தது. ஆனால் அங்கே போனால் போனில் அஞ்சைக் காணோம்.

"சுவரைத் தாண்டலை" என்றார் நடுத்தம்பி குருவையா.

"பாவம், என்ன செய்யும்? ஏணி வை" என்றார் பேச்சிமுத்து.

ஓட்டு வீடு. நடுச்சுவர் கூரைவரை எட்டாது. முன்னறைப் பக்கம் ஏணியைச் சாத்தினார்கள். அஞ்சு வரவில்லை. குருவையா நெடுநேரம் யோசித்தார்.

"ஏறியிருக்கும்ணே. இறங்க வழியில்லாம மேலேயே நிக்குது."

பக்கத்து வீட்டில் இரவல் ஏணி வாங்கி அடுக்களைப் பக்கமும் சாத்தினார்கள். குருவையா போனோடு ஏறிச் சுவர்மேல் குதிரை ஏறினாற்போல் உட்கார்ந்தார். போனைப் பார்த்தவர் கத்தினார்: "இருக்குண்ணே! முழுசா இருக்கு!"

"அதட்டாதலே. பதமாக் கூட்டிட்டு இறங்கு."

"வாப்பா, வா வா" என்று கொஞ்சிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதி ஏணியில் அஞ்சு மறைந்துவிட்டது.

"பயந்து திரும்பி ஓடிட்டுது."

சண்முகக்கனிக்கு ஒரு யோசனை தோன்றியது. "அண்ணே, நீங்களே முன்னறையில போய் டப்பா பக்கத்துல உட்கார்ந்தா என்ன?"

பேச்சிமுத்துவின் முகம் சிவந்தது. "மாப்பிள்ளை இருக்கிற இடத்துக்கு நெட்டு வரணுமா, நெட்டு இருக்கிற இடத்துக்கு மாப்பிள்ளை போகணுமா? நாளைக்கு ஊரு என்னலே பேசும்?"

சண்முகக்கனி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கடைசியில் ரெண்டரையே கதி என்றானது. ஆனால் அது மெதுவாகப் போகுமே? நடுவில் கடல் வேறு கிடக்கிறதே? அதற்கும் குருவையா வழி சொன்னார்: "கல்யாணத்துக்குப் போறவன் முந்தியே கிளம்புறதில்லையா? அதுமாதிரி பதிலைக் காலையிலேயே அனுப்பிருவோம். அவங்க கேக்கவும் இது போய்ச் சேரவும் சரியா இருக்கும்."

கேட்கப்போகும் கேள்விகளைத் தரகர் முன்பே சொல்லியிருந்தார். ஞாயிறு விடிந்ததும் பேச்சிமுத்து குளித்து, பட்டுச் சட்டை போட்டு, அணைந்து கிடந்த போனைப் பார்த்து வரிசையாகப் பதில் சொன்னார்: "வணக்கம். பேரு பேச்சிமுத்து. மாவு மில். கோயிலுக்கா? ஆமா, தினமும் ரெண்டு வேளை. குடியா? கிடையவே கிடையாது. உங்க பொண்ணைக் கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்துக்குவேன்."

அப்புறம் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். புதுப் பேச்சு போய்ப் பழைய பேச்சை இடித்துவிடக் கூடாது அல்லவா?

வெயில் ஏறியபின் அழைப்பு வந்தது. படத்தில் பொன்னையா தெரிந்தார்.

"வணக்கம் மாப்பிள்ளை! நல்லாயிருக்கீங்களா?"

பேச்சிமுத்து புன்னகைத்தார்.

"தொழில் எப்படிப் போகுது?"

புன்னகைத்தார். தம்பிகள் சுவரோரம் நின்று, எந்தப் பதில் எங்கே போகிறது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பொன்னையா தொண்டையைக் கனைத்தார். "தப்பா நினைக்காதீங்க. பெத்தவன் கேக்கணும்ல. குடிப்பீங்களா?"

சண்முகக்கனிக்கு உயிரே போய்விட்டது. "அண்ணே, அவர் கோயிலை விட்டுட்டுக் குடிக்குத் தாவிட்டாரு! இப்ப 'ஆமா, தினமும் ரெண்டு வேளை'ல்ல போய்ச் சேருது!"

பேச்சிமுத்துவுக்கு வியர்த்துக் கொட்டியது. வாயைத் திறக்கவும் முடியாது.

"ரெண்டரை மெதுவாத்தானே போகும்? அஞ்சுல போனா வழியிலேயே மடக்கிரலாம்!" என்ற குருவையா, தன் போனோடு ஏணியில் பாய்ந்தேறிச் சுவர்மேல் உட்கார்ந்து, தொண்டை கிழியக் கத்தினார்: "இல்லை! குடிக்கமாட்டாரு! முன்னாடி வந்தது கோயிலு! அதை நம்பாதீங்க!"

தன் போனில் அவர் யாரையும் அழைத்திருக்கவில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் கீழே இருந்த போன் வழியாக மஸ்கட்டுக்குக் கேட்டது. பொன்னையா திடுக்கிட்டு மேலே பார்த்தார். அவர் தலைக்குமேல் மின்விசிறிதான் இருந்தது.

செல்வராணி சிரிப்பை அடக்கமுடியாமல் அப்பா கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஏங்க, நீங்க பேசவே மாட்டீங்களா?"

பேச்சிமுத்து வாய் திறக்கவில்லை. கண் மட்டும் கலங்கியது.

"அப்பா, நம்ம வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற ஆளுங்க. பேசாத ஒருத்தர் எனக்கு வேணும். எனக்குச் சம்மதம்."

சண்முகக்கனி துள்ளினான். சுவர்மேல் இருந்த குருவையா மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "அண்ணே, இது ரெண்டரையில வந்த சம்மதம். அப்படின்னா அந்தப் பிள்ளை விடிகாலையிலேயே சொல்லியிருக்கு. சொல்லிட்டுச் சும்மாவா உட்கார்ந்திருக்கும்? கிளம்பியிருக்கும். இந்நேரம் கோவில்பட்டி வந்திருக்கும்!"

மூவரும் போனைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள். வழியில் ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று, வந்த பஸ்ஸில் எல்லாம் ஏறி ஏறி எட்டிப் பார்த்தார்கள். மாலையைக் கண்டு பயந்து ஒரு கண்டக்டர் இறங்கி ஓடினார். மஸ்கட் பஸ் வரவில்லை.

இருட்டும் நேரத்தில் வாடிய முகங்களோடு வீடு திரும்பினார்கள். சார்ஜரில் கிடந்த போனிலிருந்து பொன்னையாவின் குரல் கம்மிப்போய் வந்துகொண்டிருந்தது: "ஹலோ... ஹலோ... யாராவது இருக்கீங்களா? ஹலோ..."

குருவையா காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். பிறகு அண்ணன் தோளில் ஆறுதலாகக் கைவைத்தார்.

"ஹலோவே இப்பத்தாண்ணே வந்து சேருது. பொண்ணு வர நாளாகும். மாலையைத் தண்ணியில போட்டு வைங்க."