ராஜா தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் மரம்

ராஜா காலத்தில் பிளாஸ்டிக் மரம் ஏது என்று மூக்கில் விரலை வைக்காதீர்கள். சிப்பிக்கோட்டையில் ராஜாவும் இருந்தார், கரண்டும் இருந்தது. இரண்டும் நினைத்த நேரத்தில் வரும், நினைத்த நேரத்தில் போகும். கதை கேட்க அவ்வளவு தெரிந்தால் போதும்.

ராஜாவின் பெயர் விஜயகேசரி. நல்லவர்தான், பளபளப்பைக் கண்டால் மட்டும் மனசு வழுக்கிவிடும். அந்த வருஷம் கடற்கரையில் சவுக்கு மரம் வெட்டக்கூடாது என்று தண்டோரா போட்டார். சவுக்கு போனால் மணல் ஊருக்குள் வந்துவிடும், நியாயமான உத்தரவு. ஆனால் கடற்கரைத் தெருக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு மாதா கோயில் முற்றத்தில் நட்டு அலங்கரிப்பது சவுக்கைத்தான். தெருவுக்காகப் பேச அமலோற்பவம் என்ற பெண் சபைக்கே வந்துவிட்டாள்.

“ராசா, குடில் கட்டியாச்சு, நட்சத்திரமும் தொங்கவிட்டாச்சு. மரம் எங்கன்னு புள்ளைங்க கேட்குதுவ. நான் என்னத்தச் சொல்ல?”

அதே தெருவில் பிறந்தவன் சவரிராயன். இப்போது சபையில் விகடகவியாக உட்கார்ந்திருந்தான். அவன் வாயைத் திறந்தால் சபை சிரிக்கும். அதனாலேயே மந்திரி அனந்தப்பருக்கு அவனைக் கண்டால் ஆகாது.

“மகாராஜா, வெட்டாத மரம் ஒன்று வாங்கிக் கொடுத்தால் ஆயிற்று” என்றான் சவரிராயன். “பிளாஸ்டிக்கில் வருகிறதாம். விளக்கும் அதிலேயே பொருத்தியிருக்குமாம்.”

ராஜாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. மந்திரிக்கும் பிடித்துவிட்டது, வேறு காரணத்துக்காக.

“அப்படியானால் மரத்தையும் இவரே தேர்ந்தெடுக்கட்டும், மகாராஜா. திருநாள் ராத்திரி விளக்கு அணைந்தால் சபையில் இவர் இடம் காலி. சம்மதமா?”

அமலோற்பவம் சவரிராயனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் என்ன செய்வான்? “சம்மதம்” என்றான்.

அடுத்த வாரம் கொலுமண்டபத்துக்கு இரண்டு மரங்கள் வந்தன. பார்க்க அமலோற்பவமும் வந்திருந்தாள். ஒன்றைக் கொண்டு வந்தவன் பட்டாபி, மந்திரியின் மைத்துனன். மரம் கூரையைத் தொட்டது. ஆயிரம் பல்ப். சுவிட்சைப் போட்டதும் சிவப்பும் நீலமும் பச்சையும் ஒன்றையொன்று துரத்தின. ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்தே விட்டார். “இதற்கு மேல் என்ன வேண்டும்?” என்று மந்திரி கை தட்டினார். மற்றது வியாபாரி தாவூது மரைக்காயருடையது. ஆள் உயரம், ஒரே மஞ்சள் வெளிச்சம்.

சவரிராயன் பெரிய மரத்தைச் சுற்றி வந்தான். கிளைக்குள்ளே கையை விடாமல் எட்டிப் பார்த்தான். கரண்டுக் கம்பிகளை முறுக்கி, மேலே துணியைச் சுற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். முற்றத்தில் ஓடி விளையாடும் பிள்ளை ஒன்று தொட்டுவைத்தால்? ஆனால் மந்திரியின் மைத்துனன் மரத்தைக் குறை சொன்னால் பொறாமை என்பார்கள். ராஜாவின் கண்ணோ மரத்தோடு சேர்ந்து மின்னிக்கொண்டிருந்தது.

“என்னப்பா, பெரியதுதானே?” என்றார் ராஜா.

“ஆகட்டும் மகாராஜா. ஒரே ஒரு சடங்கு பாக்கி. தாங்கள் கொடுக்கும் மரத்துக்கு முதல் தண்ணீர் தங்கள் கையால்தானே?”

அது அரண்மனை வழக்கம். மாங்கன்றோ தென்னங்கன்றோ, ராஜா தங்கச் சொம்பால் தண்ணீர் ஊற்றாமல் வாசலைத் தாண்டாது.

மந்திரி சிரித்தார். “பிளாஸ்டிக்குக்குத் தண்ணீரா? வேரே இல்லையே!”

“வேர் இல்லை, வாஸ்தவம். வழக்கம் இருக்கிறதே!”

வழக்கம் என்றால் ராஜாவுக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிடும். சொம்பு வந்தது.

“விளக்கு எரியட்டும். அவரவர் மரத்தை அவரவர் பிடித்துக்கொள்ளட்டும்” என்றான் சவரிராயன்.

மரைக்காயர் தன் மரத்தை இரண்டு கையாலும் பிடித்தார். “ஊத்துங்க மகாராஜா. மழையில நிக்கிறதுக்குன்னே செஞ்சது. கரண்டைக் குறைச்சு அனுப்புற பெட்டி அந்தா, தனியா இருக்கு.”

ராஜா ஊற்றினார். இலையெல்லாம் சொட்டியது. ஒரு பல்ப்கூடக் கண் சிமிட்டவில்லை. அமலோற்பவம் தன்னை மறந்து கை தட்டிவிட்டு, வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்தது பட்டாபி. ஒற்றை விரலால் மரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றான். நெற்றியில் வியர்வை. ராஜா சொம்பைச் சாய்க்கப் போனார்.

“வேண்டாம் மகாராஜா!” பட்டாபி தடாலென்று காலில் விழுந்தான். “ஷாக் அடிக்கும்! என்னையும் அடிக்கும், தங்களையும் அடிக்கும்!”

ராஜாவின் முகம் சிவந்தது. மந்திரி முந்திக்கொண்டார். “இது வீட்டுக்குள் வைக்கும் மரம், மகாராஜா. தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது என்ன நியாயம்?”

“மாதா கோயில் முற்றத்துக்குக் கூரை ஏது, மந்திரியாரே?” என்றான் சவரிராயன். “மார்கழி மழை, வேர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டா பெய்யும்?”

“ஒரு குடை பிடித்தால் தீர்ந்தது!”

“பேஷ்! கிறிஸ்துமஸ் முடிந்து பன்னிரண்டாம் நாள் வரும் மூன்று ராஜாக்கள் திருவிழா வரைக்கும் மரம் முற்றத்தில் நிற்கும். அதுவரை குடையைத் தாங்களே பிடியுங்கள்.”

“ஐயோ, எனக்குச் சளித் தேகம்! ஒரு தூறல் பட்டாலே படுத்துவிடுவேன்!”

கோபத்தில் இருந்த ராஜாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தோளில் கிடந்த சால்வையை எடுத்துச் சவரிராயனுக்குப் போர்த்தினார். சின்ன மரத்தை அரண்மனை வண்டியில் ஏற்றி, அமலோற்பவத்தோடு அனுப்பச் சொன்னார். பிறகு பெரிய மரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“இதை என்னப்பா செய்வது?”

சவரிராயன் கைகட்டி நின்றான். “மரத்துக்கும் மழை ஆகாது, மந்திரியாருக்கும் மழை ஆகாது. பத்து ஜாதகம் புரட்டினாலும் இப்படி ஒரு பொருத்தம் அமையாது, மகாராஜா. பிரிக்க வேண்டாம், அவர் வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள்!”