திரும்பி வராத பிரதி

சடையாண்டிக்கு முதலில் துரோகம் செய்தவன் ஆதிமூலம். மலையேற்றத்தில் பேர் எடுத்தவன். சடையாண்டியின் தம்பி மாசிலனைச் சுமை தூக்கக் கூட்டிக்கொண்டு போனான். கால் முறிந்தவனைப் பனியில் விட்டுவிட்டுத் தான் மட்டும் சிகரம் தொட்டு இறங்கினான். அதைப் புத்தகமாகவும் எழுதினான்.

அந்தப் புத்தகத்தைத்தான் அடிவாரத்து மடத்தின் குரு எல்லோருக்கும் சிபாரிசு செய்தார். மடத்தின் பின்கதவில்தான் மலைப்பாதை தொடங்குகிறது. ஏற வருகிறவர்கள் அதைப் படித்துத் திருப்பித் தர வேண்டும். பிறகு சிலருக்குக் கதவு திறக்கும், பலருக்குத் திறக்காது. காரணம் அவர் சொன்னதில்லை.

மடத்தில் சமைத்துக்கொண்டு சீடராக இருந்த சடையாண்டி, குருவைவிடப் பத்து வயது மூத்தவர். போன மாதம் ஆதிமூலம் குருவின் அறையிலிருந்து, துணியில் சுற்றிய எதையோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தார். அன்றிலிருந்து இருவருக்கும் ஏதோ கொடுக்கல் வாங்கல் என்று சந்தேகம்.

“சாமி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க பெரியவரே. நாலு நாளா குழம்பு உப்புக் கரிக்குது. எப்பக் கேப்பீங்கன்னுதான் இருந்தேன்.”

“அலமாரி நிறைய மலைப் புத்தகம் இருக்கு. அந்தப் பாவி எழுதினது மட்டும் ஏன்? அவன்கிட்ட என்ன வாங்கினீங்க?”

குரு ஒரு பிரதியை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து நீட்டினார்.

சடையாண்டி விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். ‘அன்று ஒரு சுமையாளை இழந்தோம். மறுநாள் வானம் தெளிந்தது.’

“தம்பி பேரு எங்க?”

“கடைசிப் பக்கம் வரைக்கும் இல்லை.”

அப்போது ஒருவன் புத்தகத்தைத் திருப்பித் தர வந்தான். “பிரமாதம் சாமி! எந்தக் கயிறு, என்ன பூட்ஸு, எல்லாம் குறிச்சுக்கிட்டேன்.”

“வேற ஏதாவது கேக்கணுமா?”

“கதவு எப்பத் திறப்பீங்க?”

“உங்களுக்குத் திறக்காது.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

சடையாண்டி விடவில்லை. “போன ஐப்பசியில ஒரு பொண்ணுக்குத் திறந்தீங்களே?”

“செத்துப்போன அந்தச் சுமையாள் பேரு என்னன்னு அவ கேட்டா.”

“சொன்னீங்களா?”

“மாசிலன்னு சொன்னேன்.”

சடையாண்டி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஆனாலும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை.

“ஆதிமூலம் கக்கத்துல என்ன கொண்டுபோனான்?”

“மறுபடி ஏறணும்னு வந்தான். அவனுக்கும் இதே புத்தகத்தைத்தான் குடுத்தேன்.”

“படிச்சிட்டு என்ன கேட்டான்?”

“இன்னும் திருப்பிக் கொண்டுவரலையே, பெரியவரே.”