ஜெயமேரியின் மேசை டிராயர்

"எந்த டேட்டாபேஸ் நல்லது, டீச்சர்?"

கேட்டவர் மாரிச்செல்வம், வயது நாற்பத்தெட்டு. டீச்சர் நஸ்ரீனுக்கு முப்பத்தொன்று. தேனியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர். வயசைப் பார்த்து வெட்கப்படாமல் அவரிடம் போய்ச் சேர்ந்த சீடர் இவர். மற்றபடி வெட்கப்பட இவருக்கு அதுவரை காரணமும் இருந்ததில்லை.

கையில் நான்கு பக்க அட்டவணை. தகவல்களைச் சேர்த்து வைக்கும் பதினொரு டேட்டாபேஸ்களை வேகம், கொள்ளளவு, பாதுகாப்பு என்று பிரித்து மேய்ந்திருந்தார்.

"எதுக்குண்ணே?"

"ஆனைக்கல் மலையில பால் சங்கத்து மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு புரோகிராம் போட்டுக் குடுத்தேன்ல? எட்டு மாசமா ஒரு குறை இல்லாம ஓடுது. இப்ப இன்னும் ஆறு ஆஸ்பத்திரிக்குக் கேக்குறாங்க. அதான், இருக்கறதுலயே பெருசாப் பாத்துப் போடலாம்னு."

"இப்ப டேட்டா எங்க இருக்கு?"

"சென்னையில, பெரிய சர்வர்ல. லட்சம் பேரு ஒரே நேரத்துல வந்தாலும் தாங்கும் டீச்சர்."

"மலையில எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான். ஜெயமேரின்னு கம்பவுண்டரம்மா."

நஸ்ரீன் அட்டவணையை வாங்கினார். படிக்கவில்லை. நாலாக மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மழை நாளாப் பாத்து ஒரு தடவை போயிட்டு வாங்கண்ணே. சொல்லாமப் போங்க."

*

செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மாரிச்செல்வம் பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் பசுவோடு நனைந்துகொண்டு நின்றார். உள்ளே கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெயமேரி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாட்டுக்காரர் பசுவின் காது வில்லையைப் பார்த்து எண்ணைச் சொன்னார். ஜெயமேரி டிராயரை இழுத்து ஒரு நீள நோட்டை எடுத்தார். இரண்டே புரட்டல்.

"போன தடவை இந்த ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடிச்சிருக்குண்ணே. இது வேணாம். டாக்டர்ட்டச் சொல்லி வேற போடுவோம்."

நிமிர்ந்தவர் மாரிச்செல்வத்தைப் பார்த்துவிட்டார். சட்டென்று நோட்டை உள்ளே தள்ளி டிராயரை மூடினார். தப்புச் செய்து மாட்டிக்கொண்டதுபோல அந்தம்மாதான் விழித்தார்.

"மழைன்னா நெட் லைன் போயிருது சார். வந்ததும் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திருவேன். ஒண்ணு விடமாட்டேன் சார்."

"எத்தனை நாளா இப்படி?"

"மொதல்லேருந்தே சார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

ஜெயமேரி தரையைப் பார்த்தார்.

"ஆரம்பிச்சு வச்ச அன்னிக்கு எல்லாருக்கும் லட்டு குடுத்தீங்களே சார். அவ்வளவு சந்தோஷமா. எப்படி சார் சொல்றது?"

மாரிச்செல்வத்துக்குக் காது இரண்டும் சுட்டன. எட்டு மாதமாக ஒரே வேலையை இரண்டு தடவை செய்து இந்தம்மா அவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அவரோ போகிற இடமெல்லாம் இந்தப் புரோகிராமைச் சொல்லி மார்தட்டியிருக்கிறார். எங்கேயாவது ஓடி ஒளியலாம் போலிருந்தது. அதற்கும் வழியில்லை, கீழே இறங்க அடுத்த பஸ் மூன்று மணிக்குத்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லோரும் போனபிறகு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"எனக்கே அசிங்கமா இருக்கு டீச்சர்."

நஸ்ரீன் ஆறுதல் சொல்லவில்லை.

"அந்த நோட்டு எங்க இருந்துச்சுண்ணே?"

"மேசை டிராயர்ல. உக்காந்த இடத்துலேருந்து கை நீட்டுனா எடுத்துரலாம்."

சொல்லும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. அந்த நான்கு பக்க அட்டவணையைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு போனை எடுத்தார்.

"ஜெயமேரிம்மா, அடுத்த வாரம் வர்றேன். டேட்டா பூராவும் உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கற மாதிரி சின்னதா மாத்திப் போடுறேன். லைன் இல்லாட்டியும் ஓடும். லைன் வந்தா அதுவே சென்னைக்கு அனுப்பிக்கும். நீங்க ரெண்டு தடவை எழுத வேணாம்."

அந்தப் பக்கம் டிராயரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"ஹலோ? சரிதானேம்மா?"

"சரிங்க சார்" என்றார் ஜெயமேரி. "ஆனா இந்தத் தடவை லட்டு மட்டும் வாங்கிட்டு வராதீங்க சார்."