குடுக்கை மேல் உட்கார்ந்த மாப்பிள்ளை

ஆலங்காட்டு ஏரியில் கடம்பன் என்ற நீர்நாய் பரிசல் ஓட்டி வந்தது. ஏரிக்கு நடுவே ஒரு திட்டு. அங்கே நாவல்பழம் கொட்டிக் கிடக்கும்.

மருதன் என்ற நரி, கல்யாணம் முடிந்த கையோடு மாமியார் வீட்டு விருந்துக்கு வந்திருந்தது. "மாப்பிள்ளையைப் பரிசலில் கூட்டிப் போவோம்!" என்று மாமியார் நரி, மகள் செவ்வந்தியையும் அழைத்துக்கொண்டு கிளம்பியது. மருதனுக்கோ நீச்சல் சுத்தமாகத் தெரியாது. அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. விட்டால் மாப்பிள்ளை முறுக்கு என்ன ஆவது!

கரையில் கடம்பன் ஆளுக்கொரு காய்ந்த சுரைக்குடுக்கையை நீட்டியது. "முதுகுல கட்டிக்குங்க. தண்ணியில விழுந்தாலும் மிதக்கலாம்!"

மாமியாரும் மகளும் மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டன. மருதனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"புது மாப்பிள்ளை முதுகுல சுரைக்குடுக்கையா? பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க, கட்டுங்க!" என்றது செவ்வந்தி.

"குடுக்கை இல்லாம பரிசல் நகராது மாப்பிள்ளை!" என்றது கடம்பன்.

மருதன் யோசித்தது. குடுக்கையை வாங்கிப் பரிசலுக்குள் போட்டு, அதன் மேலேயே ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. "இப்போ என்கிட்டயும் இருக்கில்ல? கிளப்பு!"

என்னே மூளை! கடம்பன் தலையில் அடித்துக்கொண்டது. மாமியாரோ, "மாப்பிள்ளை கோவிச்சுக்கப் போறாரு, நீ கிளப்புப்பா" என்று கண்ணைக் காட்டியது. பரிசல் கிளம்பியது.

திட்டுக்குப் பக்கத்தில் ஓர் அல்லிப்பூ தெரிந்தது. "செவ்வந்தி, உனக்குப் பறிச்சுத் தரேன் பாரு!" என்று மருதன் விருட்டென்று எழுந்து நின்றது.

"ஐயோ, உட்காருங்க!" என்று கடம்பன் கத்தி முடிப்பதற்குள் பரிசல் ஒருபக்கமாகச் சாய்ந்து, எல்லோரையும் ஏரியில் கொட்டிவிட்டது.

மாமியார் மிதந்தது. செவ்வந்தி மிதந்தது. மருதன் உட்கார்ந்திருந்த குடுக்கைகூடத் தன்பாட்டுக்கு மிதந்து போனது. மருதன் மட்டும் முங்கியது. மூக்கெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் தண்ணீர். 'போச்சு! இதோட முடிஞ்சுது! செவ்வந்தியோட நாலு நாள்கூட வாழலையே!' என்று அதன் நெஞ்சு பதறியது.

கடம்பன் பாய்ந்து வந்து, அதன் பிடரியைக் கவ்வி இழுத்துத் திட்டில் போட்டது. மாமியாரும் மகளும் மிதந்தபடியே வந்து திட்டில் ஏறின. மருதன் இருமி இருமித் தண்ணீரைக் கக்கியது.

"நீச்சல் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று செவ்வந்தி அழுதது. "உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"நானும் சேர்ந்துல்ல கண்ணைக் காட்டினேன்! என் புத்தி எங்கே போச்சு!" என்று மாமியார் வாயில் அடித்துக்கொண்டது.

கடம்பன் பரிசலை நிமிர்த்தி, குடுக்கையையும் தேடிப் பிடித்து வந்தது. வீடு திரும்ப வேண்டுமே! மூன்றும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தன. மருதன் திரும்பி முதுகைக் காட்டியது.

"அத்தை, கொஞ்சம் இறுக்கியே கட்டுங்க!"

தண்ணீரில் இறங்குகிறவர்கள் மிதவையை உடம்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அங்கே கௌரவம் பார்த்தால் உயிர் மிஞ்சாது.