மணல் குழியில் மேனேஜர்

நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் முடிவில் வரும் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

குன்னூர்ப் பக்கம் ஒரு மலைக் கிளப். தேயிலைத் தொழிற்சாலை மேனேஜர் தேவசகாயம் அங்கே பத்தொன்பது வருடம் கோல்ஃப் ஆடினார். ஆடினார் என்பதைவிட உழுதார் என்பதே பொருந்தும். மட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, கடப்பாறை போல நேராக இறக்குவார். பந்தோடு ஒரு முழப் புல்கட்டியும் பறக்கும். இரண்டு பெண்கள் பின்னாலேயே நடந்து, அந்தப் பள்ளங்களில் உருளைக்கிழங்கு நட்டு, ஒரே பருவத்தில் பதினோரு மூட்டை எடுத்தார்கள். மூட்டையை நானே தூக்கிப் பார்த்தேன்.

ஆனால் கோப்பை ஒன்றுகூடக் கிடையாது. அந்த மாதக் கடைசியில் ஓய்வு. மலையை விட்டே இறங்கப் போகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம்தான் கடைசி வாய்ப்பு. எதிராளி, நாலு வருடமாக ஜெயிக்கும் டாக்டர் பெள்ளிராஜ். அவர் அடித்தால் புல்லுக்கு வலிக்காது. வாசல் பெருக்குகிற மாதிரி மட்டை வழித்துக்கொண்டு போகும்.

தேவசகாயத்தின் பையில் இரண்டு வெட்ஜ் மட்டைகள். மணல் பள்ளத்தில் கிடக்கும் பந்தை உயரத் தூக்கிப் போடுகிற மட்டைதான் வெட்ஜ். இரண்டுக்கும் முகச் சாய்வு ஒன்றே, அடிப்பாகம்தான் வேறு. ஒன்று, மனைவி ஸ்டெல்லா திருமண நாளுக்கு வாங்கித் தந்த புதுசு. அடி கத்தி போல மெலிந்தது. மற்றது, அவருக்குப் பை தூக்கும் போஜன் எங்கிருந்தோ கொண்டுவந்து செருகிய பழசு. துருவேறி, அடியில் தொப்பை போட்டது.

காலை இட்லியின்போதே சண்டை.

"டாக்டர் கையில இருக்கிறதும் இதேதான். விசாரிச்சுத்தான் வாங்கினேன்," என்றார் ஸ்டெல்லா. "இன்னைக்கு இதை எடுக்கலைன்னா, ஊருக்குப் போனதும் நீங்க தனி வீடு பாத்துக்கலாம்."

அவர் தம்பி இருதயராஜ் புத்தகம் படித்தவர். "அத்தான், நேத்து சாயங்கால மழையில மணல் இறுகியிருக்கும். அதுல தொப்பை மட்டை எகிறிப்போய்ப் பந்தோட தலையில அடிக்கும். பந்து கிளப் ஜன்னலுக்குத்தான் போகும். அக்கா சொன்னது சரி, காரணம்தான் தப்பு."

"உன் வாயில ஒரு நல்ல வார்த்தை முழுசா வராதே," என்றார் அக்கா.

போஜன் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஐயா அடிக்கிற அடிக்குக் கொழுத்ததுதான் ஆகும். மெலிஞ்சது உள்ள போனா திரும்பி வராது."

தேவசகாயம் மூவருக்கும் தலையாட்டினார். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர்.

கடைசிக் குழி வரை ஆட்டம் சமம். அதை டாக்டர் ஐந்து அடியில் முடித்துவிட்டார். தேவசகாயத்தின் இரண்டாவது அடி, குழியைச் சுற்றிய பச்சைப் புல்தரைக்குப் பக்கத்தில், பங்கர் என்கிற ஆள் உயர மணல் பள்ளத்துக்குள் விழுந்தது. அன்று விடிந்ததும் தோட்டக்காரர்கள் இரண்டு வண்டி மணல் இறக்கிவிட்டுப் போன பங்கர் அது. இனி வெளியே எடுக்க ஒரு அடி, உருட்டிப் போட ஒரு அடி. அப்படி நாலில் முடித்தால் கோப்பை அவருக்கு.

இறங்கி நின்றார். ஷூ கணுக்கால் வரை புதைந்தது. பார்வையாளர்கள் யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. மேலே ஸ்டெல்லா இருமினார். அங்கிருந்து அவருக்குத் தெரிந்தது கணவரின் தொப்பி மட்டும்தான். போஜன் பள்ளத்துக்குள் இரண்டு மட்டைகளையும் நீட்டினார்.

இப்போது சொல்லுங்கள்: ஸ்டெல்லா, இருதயராஜ், போஜன், மூவரில் யார் பேச்சைக் கேட்பது சரி?

விடை: போஜன் பேச்சை. ஸ்டெல்லா வாங்கியது நல்ல மட்டைதான், டாக்டருக்கு. பெருக்குகிறவர் கையில் மெலிந்த அடி புல்லை வழிக்கும். கொத்துகிறவர் கையில் மண்ணுக்குள் இறங்கிவிடும். இருதயராஜ் படித்ததும் மெய்தான், ஆனால் அது மழை அடித்து இறுகிய மணலுக்கு. கால் புதைகிற இந்த மணல் மழைக்குப் பிறகு வந்தது. இதில் தொப்பைதான் முங்காமல், வாத்து மாதிரி மிதந்துபோய்ப் பந்தைக் கிளப்பும். தேவசகாயம் அதைத்தான் எடுத்தார். எழும்பிய மணல் அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அடங்கிப் பார்த்தால் பந்து, குழியில் நட்ட கொடிக்கம்பத்தின் காலடியில் கிடந்தது. உருட்டிப் போட்டார், முடிந்தது. "நான் சொன்னேன்ல," என்று ஸ்டெல்லா வந்தார். தேவசகாயம் போஜனைப் பார்த்தார். போஜன் வானத்தைப் பார்த்தார். இன்று நாகர்கோவில் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கோப்பைக்குப் பக்கத்தில் மெலிந்த மட்டைதான் நிற்கிறது. அதன் மேல் ஒரு மணல்துகள்கூடப் பட்டதில்லை.