கைதாக ஒரு கஞ்சாச் செடி

வீரபாகுவுக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் ஐந்து. வரிசை மாறினால் அவருக்குக் கெட்ட கோபம் வரும் என்பதால், அவர் மேடையில் சொல்லும் வரிசையிலேயே போய்விடுவோம்.

முதல் அநீதி குடிதண்ணீர் மறியல். இருநூற்றுப் பதினோரு பேரைக் கைது செய்த போலீஸ், இவர் முறை வந்ததும், "வண்டி நெறஞ்சிருச்சு பெரியவரே, அடுத்த வண்டில வாங்க" என்றது. அடுத்த வண்டி இன்றுவரை வரவில்லை.

இரண்டாவது, பேருந்து நிலைய உண்ணாவிரதம். மூன்றாம் நாள் வந்த போலீஸ் இவரை விட்டுவிட்டுப் பந்தலைத் தூக்கிக்கொண்டு போனது.

மூன்றாவது, கறுப்புக்கொடி. வெயிலுக்கு யாரோ நிழல் பிடிக்கிறார் என்று நினைத்த அமைச்சர், கொடிக்கு அடியில் வந்து நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருங்க" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

நான்காவது, தாமாகவே காவல் நிலையத்துக்குப் போய் இரண்டு கையையும் நீட்டினார். ஆடு திருட்டு வழக்கில் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நீட்டிய கையில் பேனாவைக் கொடுத்தார்கள்.

ஐந்தாவதுதான் ஆறாத புண். எதிர்முகாம் கருத்திருமன் தோசை மாவு வாங்கப் போன வழியில், வேறு யாரோ என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு போய், மாவுத் தூக்கோடு பதினைந்து நாள் உள்ளே வைத்துவிட்டார்கள். இப்போது சந்தைத் திடலில் 'சிறை சென்ற செம்மல்கள்' என்று கல்வெட்டு வைக்கப்போகிறார்கள். முதல் பெயர் கருத்திருமன். கல்தச்சன் கடைசியில் ஒரே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறான். தை முதல் தேதிக்குள் யாராவது கைதானால் பெயர் ஏறும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு பூ செதுக்கிவிடுவான்.

வீரபாகுவுக்கு வயது அறுபத்து மூன்று. நாற்பது ஆண்டுப் பொதுவாழ்வு ஒரு பூவில் போய் முடிவதா?

அவசரக் கூட்டம் கூடியது. மூக்கையன்பட்டி மக்கள் உரிமை மீட்புச் சங்கத்தின் மொத்தப் பலமும் தலைவர் வீரபாகுவின் வீட்டில் திரண்டது. அதாவது செயலாளர் சடையாண்டி, துணைச் செயலாளர் தவசி, மகளிரணி வெள்ளத்தாய். மகளிரணியில் வெள்ளத்தாய் ஒருத்திதான் என்பதால் அந்த அணியில் மட்டும் பிளவு வந்ததே இல்லை.

சடையாண்டி பத்திரிகையை விரித்தான். "தலைவரே, இங்க பாருங்க. டவுன்ல ஒருத்தன் வீட்டுக்குள்ள லைட்டப் போட்டுத் தொட்டில கஞ்சா வளத்திருக்கான். போட்டோவுல அவனச் சுத்தி ஆறு போலீசு."

"ஆறா?" வீரபாகு பத்திரிகையைப் பிடுங்கி எண்ணிப் பார்த்தார்.

"ஆறு. அதுல ஒருத்தர் இன்ஸ்பெக்டரு."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தவசி எங்கிருந்தோ நாலு விதையும், மூன்று வரி எழுதிய துண்டுச் சீட்டும் வாங்கிவந்தான். யாரிடம் என்று கேட்டதற்கு, "ரகசியம்" என்று தலைவரிடமே சொல்ல மறுத்துவிட்டான். அச்சடித்த தாளுக்கும் எழுதிய தாளுக்கும் கட்டுப்பட்டே வளர்ந்த சங்கம் அது. சீட்டில் உள்ளபடி, ஒரு புள்ளி பிசகாமல் நடப்பது என்று முடிவானது.

முதல் வரி: 'விதையை ஈரத்துணியில் முடிந்து வெதுவெதுப்பான இடத்தில் வை.'

"இந்த வீட்டுல வெதுவெதுப்பான எடம் எது?" என்றான் தவசி.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு வெள்ளத்தாய் சொன்னாள்: "தலைவர்தான். எந்நேரமும் கொதிச்சுக்கிட்டுதான இருக்காரு."

மறுப்பேதும் இல்லை. தலைவரின் வேட்டியை நனைத்து, முனையில் விதைகளை முடிந்து, அதையே அவருக்குக் கட்டிவிட்டார்கள். மூன்று நாள் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் ஒரு தும்மல் போட்டார் பாருங்கள், முடிச்சு அவிழ்ந்து மூன்று விதைகள் போன இடம் தெரியவில்லை. நான்காவது முளைத்திருந்தது.

இரண்டாவது வரி: 'பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்.'

வெள்ளத்தாய் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்து முகாமுக்குப் போனாள். நர்ஸ் விரட்டினார். "செடின்னா அரசாங்கத்துக்கு அம்புட்டு எளக்காரமா?" என்று அங்கேயே உட்கார்ந்து கோஷம் போட்டாள். தொல்லை தாங்காமல் நர்ஸ் இலையில் இரண்டு சொட்டு விட்டு, கையில் மைப் புட்டியோடு விழித்தார்.

"சுண்டு விரல்ல மை வைக்கணும். இதுக்குச் சுண்டு விரல் எதும்மா?"

அதற்கும் விவாதம் நடந்தது. கடைசியில் ஓரத்து இலைக்கு மை வைத்தார்கள்.

மூன்றாவது வரிதான் வீட்டைத் தின்றது. 'விளக்கு எப்போதும் செடியின் தலைக்கு மேல் ஒரு முழம் இருக்க வேண்டும்.'

விளக்கு உத்திரத்தில் இருந்தது. செடி தரையில் இருந்தது.

"விளக்கக் கீழ எறக்குவோமா?" என்றான் தவசி.

"எறக்குன்னு சீட்டுல போட்டிருக்கா?" என்றான் சடையாண்டி.

போடவில்லை. ஆகவே மேசை மேல் பெஞ்சு, பெஞ்சு மேல் முக்காலி, முக்காலி மேல் தொட்டி. யார் கை முழம் என்பதில் சிறு பூசல் எழுந்து, வாக்கெடுப்பில் தலைவர் கை வென்றது. தினமும் காலையில் அவர் முக்கி முனகி ஏறி அளந்தார். ஐந்தாம் நாள் உச்சியிலிருந்து கத்தினார்: "நாலு விரக்கட கொறையுதுய்யா!"

செடி வளர்ந்திருந்தது. முக்காலியின் கால்களில் நாலு விரற்கடை அறுத்தார்கள். அடுத்த வாரம் இன்னும் நாலு. முக்காலி பலகையானதும் பெஞ்சை அறுத்தார்கள். பெஞ்சு முடிந்ததும் மேசை. மார்கழி பிறந்தபோது வீட்டில் காலுள்ள சாமான் எதுவும் மிச்சமில்லை. தொட்டி தரைக்கு வந்துவிட்டது. செடி மட்டும் நிற்காமல் வளர்ந்துகொண்டிருந்தது.

எல்லோரும் தரையில் உட்கார்ந்து யோசித்தார்கள். வேறு எதன் மேலும் உட்கார வழியில்லை.

"கூரைய ஒசத்துவோம்" என்றான் தவசி.

"கூரைய ஒசத்த ஊராட்சில அனுமதி வாங்கணும்டா" என்றான் சடையாண்டி.

"அப்ப தரைய எறக்குனா?"

வீரபாகு தலையை ஆட்டினார். "அதுக்கு அனுமதி வேணாம். கீழ போறவன இந்த நாட்டுல எவன் தடுத்திருக்கான்?"

கடப்பாரை வந்தது. செடி நாலு விரற்கடை வளர, குழி நாலு விரற்கடை இறங்கியது. செடி ஆளுயரத்தைத் தாண்டியபோது குழி இடுப்பளவு. அளக்க ஏறிக்கொண்டிருந்த தலைவர் இப்போது குழியை அளக்க இறங்கினார். மண் வாசலில் மலையாகக் குவிந்தது. மார்கழி இருபத்தெட்டாம் தேதி பக்கத்து வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் காவல் நிலையத்துக்குப் போன் போட்டார்: "சார், வீட்டுக்குள்ள ஆள் நீளத்துக்குக் குழி வெட்டுறாங்க."

அரை மணி நேரத்தில் எஸ்.ஐ. இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து இறங்கினார். வீரபாகு கஞ்சி போட்ட சட்டையில், தலை சீவி, குழிக்கரையில் நின்றிருந்தார். தவசி கையில் வழியனுப்பு மாலை தயாராக இருந்தது.

"யாரப் புதைக்கப் போறீங்கய்யா?" என்றார் எஸ்.ஐ.

"ஒருத்தரையும் இல்ல சார்" என்றார் வீரபாகு, பெருமையாக. "கஞ்சா வளக்குறோம்."

எஸ்.ஐ. குழிக்குள்ளிருந்து உச்சிவரை அண்ணாந்து பார்த்தார். உத்திரத்து விளக்கு வெளிச்சத்தில், ஓரத்து இலையில் மையோடு, தளதளவென்று நின்றது செடி. வெகுநேரம் பார்த்தார்.

"கஞ்சா மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. பரிசோதனைக்கு அனுப்பணும். வளத்தது யாரு?"

"நான்." வீரபாகு கைகளை நீட்டினார். நாற்பது ஆண்டுகளாக நீண்டே கிடந்த கைகள். கண் கலங்கியது.

"நானுந்தான்" என்றான் சடையாண்டி.

"நானு" என்றான் தவசி.

"பெத்த தாயா நின்னு வளத்தவ நானு. இவனுகளுக்கு என்ன தெரியும்?" என்றாள் வெள்ளத்தாய்.

"அடப் பாவிகளா, விட்டுக் குடுங்கய்யா!" தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"ஒங்களத் தனியா அனுப்பிட்டு நாங்க வேடிக்க பாக்குறதா? அம்புட்டுத் துரோகிகளா நாங்க?" சடையாண்டி மூக்கை உறிஞ்சினான்.

எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ஒருத்தர் போதும்யா. ஸ்டேஷனுக்கு வரத் தகுதியான ஆளா ஒருத்தர நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

முடிவு பண்ணுவது என்றால் சங்கத்தில் ரகசிய வாக்கெடுப்புதான். நாலு துண்டுத் தாள், ஒரு பென்சில். வீரபாகு நிம்மதியாக மூச்சு விட்டார். எதிரே இருப்பது மூன்றே பேர். மூவரும் உயிரைக் கேட்டாலும் கொடுப்பவர்கள். தம் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி மடித்துப் போட்டார். சடையாண்டி பென்சிலோடு எஸ்.ஐ.யின் நெஞ்சுக்கு நேரே போய் நின்று, எழுத்துக்கூட்டி எதையோ படித்தான். மற்ற இருவரும் அப்படியே செய்தார்கள். மரியாதை செய்கிறார்கள் போலும் என்று எஸ்.ஐ.யும் நிமிர்ந்தே நின்றார்.

முடிவை அறிவிக்கும்போது வெளியாட்கள் இருவர் சாட்சி நிற்க வேண்டும் என்பது விதி. போலீஸ்காரர்கள் இருவரையும் குழிக்கரையில் நிறுத்தினார்கள். தலைவர் முதல் சீட்டைப் பிரித்தார். முகம் மலர்ந்தது. இரண்டாவதைப் பிரித்தார். மூன்றாவது. நான்காவது.

"என்னய்யா பண்ணித் தொலைச்சீங்க?"

"நல்லா யோசிச்சுத்தான் போட்டோம் தலைவரே. ஸ்டேஷனுக்குப் போகத் தகுதியான ஆளுன்னாரு. அவருதான் தெனமும் போறவரு. வழி தெரியும்" என்றான் சடையாண்டி.

"வண்டியும் அவருதுதான்" என்றாள் வெள்ளத்தாய்.

வீரபாகு குழியைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். நாற்பது ஆண்டு ஜனநாயகத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர், தம் வீட்டுக்குள்ளேயே அதற்குக் குழி பறிப்பதா? தவசி மாலையை விரித்துக்கொண்டு முன்னே நகர்ந்தான். தலைவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சாட்சிகளைப் பார்த்து, மேடைக் குரலில் வாசித்தார்:

"பதிவான வாக்குகள் நான்கு. செல்லாதவை இல்லை. வீரபாகு, ஒன்று. மூன்று வாக்குகள் பெற்று, கைதாவதற்கு அமோகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பவர், உதவி ஆய்வாளர் இ. ஞானதிரவியம்!"